பயப்படுகிறவன் குற்றவாளியா?



இந்த மாதம் ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். வேறொருவருடைய பாவம் அல்ல, என்னுடையதுதான்.

நம் ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தார் ஒரு சகோதரர். இராத்திரி வேலை முடிந்து சுடுகாட்டு வழியாகத் தனியாகச் சைக்கிளில் வீடு திரும்புகிறவர். கோழை என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆனால் டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"ஊசியைப் பார்த்தாலே கண்ணு இருட்டிக்கிட்டு வருது, பாஸ்டர். போன தடவை அப்படியே விழுந்துட்டேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசுவாசி ஊசிக்குப் பயப்படலாமா, பிரதர்? இது அவிசுவாசம்" என்றேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் பேர் சொல்லாமல் அதையே சொன்னேன். பேர் சொல்லாவிட்டால் என்ன, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து, காலில் புண் முற்றி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கட்டிலண்டையில் நின்றபோது என் இருதயத்தைக் குத்தின கேள்விதான் இது: பயப்படுகிறவன் குற்றவாளியா?

பயம் எல்லாம் ஒன்றல்ல. பாம்பைக் கண்டு விலகுவது புத்தி. ஆனால் ஆபத்துக்கு மிஞ்சின பயம் ஒன்று உண்டு. "இதில் ஒன்றுமில்லை" என்று புத்தி சொன்னாலும் சரீரம் கேட்காது. இதைத்தான் டாக்டர்கள் போபியா என்கிறார்கள். சிலருக்கு உயரம், சிலருக்கு நாய், சிலருக்கு மூடின அறை.

இதிலும் இரத்தத்தையும் ஊசியையும் பற்றின பயம் தனி வகை. மற்றப் பயங்களில் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும்; மயக்கம் வருவது அபூர்வம். ஆனால் இந்தப் பயத்தில் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற இரத்தம் குறையும், ஆள் விழுவான். குடும்பத்தில் தகப்பனுக்கு இருந்து பிள்ளைக்கும் வருவதுண்டு. அப்படியானால் நம் சகோதரர் விழுந்தது அவிசுவாசத்தினாலா? அவர் அதைத் தெரிந்தெடுக்கவில்லையே!

"அப்படின்னா பயத்துக்குச் சாக்கு சொல்லிக்கொண்டே இருக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. ஒவ்வொரு முறை விலகி ஓடும்போதும் மனசு நிம்மதியாகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஆகையால் பயந்த காரியத்தண்டைக்குக் கொஞ்சங்கொஞ்சமாகக் கிட்டிச் சேருவதே சிகிச்சை.

அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1924-ல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவன் பேர் பீட்டர். மூன்று வயது நிரம்பாத பிள்ளை, முயலைக் கண்டால் அலறுவான். மற்றப் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடுவதைக் காட்டித் தேற்றினார்கள். நடுவில் காய்ச்சலாய் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீடு திரும்புகையில் ஒரு பெரிய நாய் பாய்ந்தது. பழைய பயமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அவர் கைவிடவில்லை. அவனுக்குப் பிரியமான பண்டத்தைச் சாப்பிடக் கொடுத்து, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் சகிக்கிற அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் கிட்டே நகர்த்தினார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்க விட்டுக்கொண்டிருந்தான் பிள்ளை!

பிரியமானவர்களே, இது நம் வேதத்துக்குப் புதிதா? கிதியோனைப் பாருங்கள். மீதியானியரின் பாளயத்துக்கு இறங்கிப்போக வேண்டிய இராத்திரியில் கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பயமாயிருந்தால் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே பேசுவதை முதலில் கேள் என்றார். யுத்தத்துக்கு முன் ஒரு சின்ன அடி; துணைக்கு ஒரு ஆள். பாளயத்தின் ஓரமட்டும் போன கிதியோன் திடன் கொண்டு திரும்பினான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் நம் சகோதரருக்கும் இப்படியே படிபடியாகச் செய்தார். முதலில் ஊசியின் படம், பிறகு மூடியோடு ஊசி, பிறகு மற்றவர் போட்டுக்கொள்வதைப் பார்ப்பது. இதோடு சுவீடன் தேசத்து மனோதத்துவ நிபுணர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் வகுத்த ஒரு பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகம் சூடாகிறபோது தளர்த்த வேண்டும். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் இறுக்க வேண்டும். இறங்குகிற இரத்த அழுத்தத்தை இது ஏற்றிப் பிடிக்கும், மயக்கம் தடைபடும். "தைரியமா இரு" என்று நான் சொன்னது செய்யாததை இது செய்தது. இரத்தம் கொடுத்த அன்று அவர் பக்கத்தில் நான் நின்றேன். அவர் விழவில்லை. நான்தான் அழுதுவிட்டேன்.

ஆகவே என் பதில் இதுதான். பயம் வந்தது அவன் குற்றமல்ல. வழி காட்டப்பட்ட பிறகு ஒரு அடி எடுத்து வைப்பது அவன் பொறுப்பு. அந்த அடியை எடுக்கவிடாமல் அவனை வெட்கப்படுத்துவது நம் குற்றம். வெட்கப்பட்டவன் தன் பயத்தை மறைப்பான். மறைத்தவனுக்கு யார் உதவ முடியும்?

உங்கள் சபையில் லிஃப்டில் ஏறாத தாயார், பஸ்ஸில் ஏறாத தங்கச்சி இருந்தால், உடனே பிசாசு என்று சொல்லித் தலையைப் பிடித்து உலுக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். ஜெபமும் சிகிச்சையும் சத்துருக்கள் அல்ல. பிரசங்கி ஆயிரம் பேர் கிடைப்பார்கள். பயப்படுகிறவனோடுகூட பாளயத்தின் ஓரமட்டும் நடந்துபோக, நம்மில் பூரா யார்?