கூரையும் கம்பியும்

வெளிச்சம் ஒருவனின் தனியுடைமையாக முடியுமா? விசித்திரமான வினாவாகத் தோன்றலாம். ஆயினும் கூரையிலே சூரியத் தகடு பொருத்திய ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

1990இல், போரோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் அற்றுப்போயிற்று. அந்த இருளில் வளர்ந்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னாய் விலைபோன காலம். ஜாம் போத்தலினுள் பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, சிறு திரியொன்றை ஏற்றிவைப்பார் அம்மா. அச்சுடரைச் சுற்றி எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் இருந்து படித்தோம். செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, தைனமோவின் மின்னில் வானொலி உயிர்பெறும். சுழற்றுபவர் ஒருவர், கேட்பவர் பலர்.

அந்நாட்களைப் பொற்காலமென்று போற்றுவோர் இன்று உளர். அவர்களோடு நான் உடன்படேன். இருள் எம்மீது சுமத்தப்பட்டது. நாம் விரும்பி ஏற்ற நோன்பன்று. இல்லாமையினாற் பிறந்த பகிர்வு, வசதி வந்ததும் கலைந்துபோமாயின், அதனை அறமென்று எவ்வாறு கொள்வது? வசதி வந்த பின்னரும் எஞ்சுவதன்றோ அறம்!

அச்சோதனை எனக்கும் வந்தது. 2019இல் வங்கிக் கடனெடுத்துக் கூரையிலே தகடுகள் பொருத்தினேன். 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நாட்டில் மின் வெட்டப்பட்டபோது, நண்பகல் வெயில் தகிக்க, என் வீடும் அயல்வீடுகளைப் போலவே மின்னின்றிக் கிடந்தது. ஏமாற்றப்பட்டேன் என்று சினந்தேன். தகடு பொருத்திய தொழிலாளி விளக்கினார்:

“வெளிக்கம்பியிலை கரண்ட் இல்லாட்டில் இந்த மெஷினும் நிண்டிடும், மாஸ்டர். இல்லாட்டில் உங்கட கரண்ட் வெளியிலை போய், போஸ்டிலை ஏறி வேலை செய்யிற ஆளை அடிச்சுப்போடும்.”

என் சினம் அடங்கிற்று. முகமறியாத தொழிலாளி ஒருவனின் உயிரை, என் வீட்டு மின்விசிறியிலும் பெரிதாக மதிக்கும்படி அவ்வியந்திரம் ஆக்கப்பட்டிருக்கிறது!

பற்றறி வாங்கி, வெளிக்கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்து, எவருக்கும் தீங்கின்றித் தனித்து ஒளிரவும் வழியுண்டு. பணமுள்ளோர் அவ்வாறே செய்கின்றனர். அது குற்றமன்று. ஆனால், பொதுக்கம்பி எக்கேடு கெட்டாலென்ன என்னும் மனோபாவமும் உடன்வருமாயின், அங்கேதான் அறம் வழுவுகிறது. வலுவான கூரையும் கடன் பெறும் வழியும் இல்லாதவனுக்கு அக்கம்பியொன்றே கதி. பகலில் என் மிகுதியை ஏற்று, இரவில் எனக்கு மின் தருவதும் அதுவே. அதன் பராமரிப்புக்குத் தகடில்லாதவனும் பணம் செலுத்துகிறான்.

கூரை என்னுடையது, சூரியன் என்னுடையதன்று. ஆகவே பாடசாலைகளின் கூரைகளிலும் கூட்டுறவுக் கடைகளின் கூரைகளிலும் ஊர்ப்பொதுவிலே தகடுகள் ஏறவேண்டும். வாடகை வீட்டிலிருப்பவனும் குடிசைவாசியும் அவற்றின் பங்காளராக வேண்டும். நான் படிப்பிக்கும் பாடசாலையின் நீண்ட கூரை, நாள் முழுதும் வீணே வெயில் காய்ந்து கிடக்கிறது. அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.