பிள்ளைக்கு மட்டுமா பத்தியம்?



பிள்ளைக்கு உடல் பருமன் மிகுதி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் நடப்பதென்ன? பிள்ளையின் தட்டில் பாதிச் சோறு. தகப்பனாருக்கு வழக்கம்போல் பஜ்ஜி. பிள்ளை ஓட வேண்டும். மற்றவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பார்கள். இது பத்தியமன்று, தண்டனை.

அமெரிக்காவில் எப்ஸ்டைன் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் பருமனான பிள்ளைகளை 10 ஆண்டுகள் கவனித்து, 1990-இல் முடிவை வெளியிட்டனர். தாய் அல்லது தகப்பனும் பிள்ளையும் இருவருமே எடை குறைக்க முயன்ற குடும்பங்களில்தான் பலன் நிலைத்தது. ஒரு நாள் ஆலோசனையும் போதாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023-இல் சொன்னபடி, குடும்பத்தோடு 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரப் பயிற்சி வேண்டும்.

ஆகையால் பெற்றோரே, பயிற்சிக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். காய்கறி எல்லார் தட்டிலும் இருக்கட்டும். முறுக்கு டப்பாவும் கலர் பாட்டிலும் யாருக்காகவும் வீட்டுக்குள் வரவேண்டாம். பிள்ளைக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம் ஓட்டமும் ஆட்டமும் தேவை. கோயிலுக்குக் குடும்பமாக நடந்தே வாருங்கள். "குண்டன்" என்னும் பட்டப்பெயரை இன்றே விட்டொழியுங்கள். அவமானப்பட்ட பிள்ளை ஒளித்துத் தின்னும்.

தவக்காலத்தில் வீடே ஒருசந்தி பிடிக்கிறோமே. பிள்ளையின் சுகத்துக்காக வீடே சேர்ந்து சற்று அடங்கி உண்பது நம்மால் ஆகாததா?

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக்குரு