விளையாட்டுக்கு வட்டி

குழந்தையை விளையாட விடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமா? வேண்டும் என்றுதான் பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். ஓடினால் எலும்பு உறுதிப்படும், பசியெடுக்கும், தூக்கம் வரும். எல்லாம் உண்மைதான். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

நண்பர் ஒருவர் தம் பையனை மாலைதோறும் பாட்மின்டன் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். “விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் இடம் கிடைக்குமே, ஸார்!” என்றார். பையனுக்கு அது பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

முதல் போட்டவர் வட்டி கேட்பது இயற்கை. ஆனால் விளையாட்டு யாருடைய சொத்து? 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை ஒப்பந்தத்தின் 31-வது பிரிவு, அது குழந்தையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. உரிமை என்றால் காரணம் காட்ட வேண்டியதில்லை அல்லவா? பள்ளிக்கூடத்திலோ, பத்தாம் வகுப்பு வந்ததும் டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

பெண் குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபம். எட்டு வயதில் பாண்டி ஆடியவள், பச்சைக்குதிரை தாண்டியவள்தான். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், “தெருவிலே என்னடி ஓட்டம்? உள்ளே வா!” என்கிறாள் பாட்டி. யாரும் அடிக்கவில்லை, கதவைத் தாழிடவும் இல்லை. ஆனாலும் அன்றோடு ஓட்டம் நின்றுபோகிறது. 2016-ஆம் வருஷத்துக் கணக்கின்படி, உலகத்தில் பள்ளிக்கூடம் போகும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 85 பேர். அந்தப் பெண்ணுக்கே நாற்பது வயதாகும்போது, “தினமும் நடக்கணும், அம்மா” என்கிறார் டாக்டர். அவளும் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், சுற்றுகளை எண்ணிக்கொண்டே.

“சும்மா விட்டால் கைபேசியோடு மூலையில் உட்கார்ந்துவிடுகிறானே!” என்பீர்கள். வாஸ்தவம். தெருவை மோட்டார் வண்டிகள் எடுத்துக்கொண்டன. காலி மனையில் வீடு எழும்பிவிட்டது. மாலைப்பொழுதை டியூஷன் தின்கிறது. மிச்சம் இருப்பது அந்த மூலைதானே? ஓடு என்று அதட்டுவதற்கு முன்னால், ஓட ஓர் இடமும் ஒரு மணி நேரமும் கொடுக்க வேண்டும். அங்கே ஓடுவதா, மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவதா என்பது பிள்ளைகள் பாடு. பத்து நிமிஷத்துக்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.