எலிக்கு எதற்கு ஜோடி?

எங்கள் வீட்டில் ஓர் எலி இருந்தது. பொறி வைத்துப் பிடிக்கிற எலி இல்லை. காசு கொடுத்து வாங்கி வந்த எலி. ஹாம்ஸ்டர். அதிலும் தங்க நிற ஜாதி. வால் இருக்கிற இடமே தெரியாது. கன்னத்துக்குள் இரண்டு பை. கொடுக்கிற விதையையெல்லாம் அதில் அடைத்துக்கொண்டு போய் மூலையில் பதுக்கும்.

‘‘பாவம்ப்பா, தனியாவே இருக்கு. போர் அடிக்காதா?’’ என்றாள் மகள்.

நியாயமான கேள்விதானே? மறுநாளே இன்னொன்று வாங்கி வந்து அதே கூண்டில் விட்டேன். ‘‘ஜோடியா இருந்தாத்தான் சார் நல்லது’’ என்றார் கடைக்காரர். (யாருக்கு நல்லது என்று அப்போது நான் கேட்கவில்லை!)

நடுராத்திரி கீச்சென்று சத்தம். விளக்கைப் போட்டால், பழையது புதுசின் முதுகைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பிரித்து எடுத்தோம். விடிவதற்குள் புதுசு செத்துப்போனது.

அப்புறம்தான் படித்தேன். 1930-ல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டச் சொன்னார், இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர். ஆழத்தில் ஒரு வளை. உள்ளே ஒரு தாய், குட்டிகள். பிடித்து அடைத்ததும், தாய் தன் குட்டி ஒன்றைத் தானே கொன்றது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளர்கிற தங்க ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை, அந்த ஒரு வளையின் வாரிசுகள்தான். வளர்ந்துவிட்டால் தனித்தனி வளை. கூடுகிற நேரம் தவிர, இன்னொன்றின் வாடையே ஆகாது.

‘உனக்கு எது பிடிக்குமோ அதையே பிறருக்கும் செய்’ என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லித் தந்தார்கள் இல்லையா? நான் அதைத்தானே செய்தேன்! குளித்தால் நமக்குச் சுகம். அதனால் எலியைத் தண்ணீரில் முக்குகிறோம். அது கேட்பது ஒரு கிண்ணம் மணல். நமக்குப் பஞ்சு மெத்தை இதம். அதன் காலில் பஞ்சு இழை சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். பகலெல்லாம் தூங்குகிற ஜீவனைத் தட்டி எழுப்பிக் கொஞ்சுகிறோம். கடித்தால் ‘நன்றி கெட்டது’ என்கிறோம். கம்பியை விடாமல் கடிப்பதைப் பார்த்து, ‘விளையாடுது பாரு’ என்று சிரித்தவன் நான். இடம் போதவில்லை என்று அது சொன்ன விதம் அது.

‘‘வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன வேணும்னு எப்படிய்யா தெரியும்?’’ என்பீர்கள். சரி. வாய் உள்ளவர்கள் சொன்னால் மட்டும் கேட்டுவிடுகிறோமா?

அப்பா போன பிறகு, ஊரில் தனியாகக் கிடக்கிறாளே என்று அம்மாவைச் சென்னைக்குக் கூட்டி வந்தேன். தனி அறை, டி.வி., வேளைக்கு மாத்திரை. (அம்மாவை எலியோடு ஒப்பிடுகிறானே என்று கோபப்படாதீர்கள். ஒப்பிடுவது என்னையும் என்னையும்தான்.) ஊர் வீட்டில் வழுக்கி விழுந்து, அரை நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள் அவள். அது என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. திரும்ப அனுப்புவது எந்த ஊர் நியாயம்? அனுப்பாமல் வைத்துக்கொள்வது யாருடைய நிம்மதிக்கு?

நேற்றும் கேட்டாள்: ‘‘ரயில்ல டிக்கெட் கெடைச்சுதாடா?’’

‘‘பாக்கறேம்மா’’ என்றேன். நான் இன்னும் பார்க்கவே இல்லை.