குளத்தில் இறக்கிவிட ஆள் யார்?

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், 38 ஆண்டுகளாக நோயுற்று, பெத்சதா குளத்து மண்டபத்தில் கிடந்த ஒரு மனிதரைக் காண்கிறோம். மறையுரைகள் பெரும்பாலும் அவர் எழுந்து நடந்த அற்புதத்துக்கு விரைந்து விடுகின்றன. அதற்குமுன் அவர் ஆண்டவரிடம் சொன்ன குறை நம் செவியில் நிற்பதில்லை. குளம் இல்லையென்றோ, நீருக்கு ஆற்றல் இல்லையென்றோ அவர் முறையிடவில்லை. தம்மை அதில் இறக்கிவிட ஆள் இல்லை என்றுதான் சொன்னார்.

திருவண்ணாமலை மாவட்டத்து முதியோரை எண்ணும்போதெல்லாம் இக்குறையே நம் நினைவுக்கு வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருந்தார். இவர்களுக்கென எதுவுமே செய்யப்படவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆக, குளங்கள் உள்ளன. ஜவ்வாது மலைக் கிராமமொன்றில் முழங்கால் வீங்கிப் படுத்திருக்கும் மூதாட்டிக்கு அவை எவ்வளவு தொலைவு என்பதே வினா. மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்; மருமகளும் அங்கேயே சித்தாள். அரசு நகரப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது உண்மையே. அந்தப் பேருந்து நிற்கும் சாலைவரை இறங்கி நடப்பது எப்படி?

மருத்துவமனையைக் கட்டித் திறந்ததோடு சமூகத்தின் கடமை நிறைவுறுகிறதா, அல்லது முதியவர் அங்கே சென்று சேர்வதும் அக்கடமைக்குள் அடங்குமா? முதற்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. அரசின் கருவூலம் அளவுக்கு உட்பட்டது. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் பொறுப்பு. அதை வலியுறுத்த 2007இல் சட்டமே இயற்றப்பட்டது என்பார்கள். நாமும் அப்படித்தான் பேசி வந்திருக்கிறோம். ஆனால் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன மகனைக் கோட்டாட்சியர் முன் நிறுத்தினால், தாய்க்குச் சிறிது பணம் கிடைக்கலாம். தாங்கிப் பிடிக்கும் தோள் கிடைக்குமா?

இவ்விடத்தில் திருச்சபையின் பழைய அறநெறிப் படிப்பினை ஒன்று நமக்குத் துணை நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டின் ஸ்பெயின் நாட்டுத் தொமினிக்கன் இறையியலார், உயிரைக் காக்கும் வழிமுறைகளைச் சாதாரணமானவை, அசாதாரணமானவை எனப் பிரித்தறிந்தனர். முன்னவற்றைக் கைக்கொள்ள நாம் கடமைப்பட்டுள்ளோம்; பெருஞ்சுமையாகும் பின்னவற்றை மறுக்க நமக்கு உரிமையுண்டு. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசியபோது, எது சாதாரணம் என்பது ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றின் சூழலைப் பொறுத்தது என விளக்கினார். இப்படிப்பினையை நாம் பெரும்பாலும் செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றிய வாதங்களில்தான் எடுத்தாள்கிறோம். நம் ஊர்களிலோ அளவுக்கு மீறிய மருத்துவத்தால் வதைபடும் முதியோர் மிகச் சிலரே. கண்புரை அறுவை, இரத்த அழுத்த மாத்திரை, காதுக் கருவி, ஊன்றுகோல் ஆகிய மிகச் சாதாரணமானவையே பலருக்கு எட்டாப் பொருளாகிவிட்டன. மருந்து மாறவில்லை. இடையிலுள்ள வழிதான் சாதாரணத்தை அசாதாரணமாக்கிவிட்டது. அவ்வழியைச் சுருக்குவது நம்மால் இயலும் என்றால், சுருக்காமல் விடுவதை இரக்கக் குறைவு என்று மட்டும் சொல்வதா? அது நீதிக் குறைவும் அன்றோ?

இதற்கு எதிராக, முதியவர்களே வேண்டாம் என்கிறார்களே என்று சிலர் கூறுவர். "எனக்கெதற்குச் செலவு? இன்னும் எத்தனை நாள்?" என்னும் சொற்களைக் கேளாத வீடு நம்மிடையே உண்டா? கேட்டதும் நம் மனம் ஒருவகை நிம்மதி அடைவதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது உரிமையுடன் எடுத்த முடிவுதானா? கூலி இழந்து கூட வரவேண்டிய மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படும் மறுப்பை, அறநெறி இறையியலார் சொன்ன மறுப்போடு ஒன்றாக எண்ணலாகாது. சுமை என்று கருதப்பட்டது சிகிச்சையா, தாமேதானா என்று கேட்டறிய வேண்டும். "வயதானால் அப்படித்தான்" என்ற நம் வழக்கமான சொல்லும் இதே வகையைச் சேர்ந்தது. பார்வை மங்குவதும், காது கேளாமற்போவதும், சிறுநீர் கட்டுப்படாமையும் மருத்துவம் உள்ள நோய்கள். முதுமை என்று பெயரிட்ட கணமே அவை நோயல்லாமற் போய்விடுகின்றன.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குரியதைக் 'கொர்பான்' எனக் காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவியோரை ஆண்டவர் கடிந்துகொண்டார். கோவில் நகரில் வாழ்வோருக்கு இது கூர்மையாகவே தைக்கும். கார்த்திகைத் தீபத்தன்று திரளும் பல இலட்சம் பேருக்காகச் சிறப்புப் பேருந்துகளும் மருத்துவ முகாம்களும் ஆம்புலன்ஸ்களும் அணிவகுக்கின்றன. பிறர் விழாவைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. நம் பங்குத் திருவிழாவின் சப்பர மின்விளக்குச் செலவையும் உடன்வைத்தே எண்ணுகிறோம். மனம் வைத்தால் பெருங்கூட்டத்தையும் சேர வேண்டிய இடத்தில் சேர்க்க நமக்குத் தெரியும் என்பதற்கு அந்நாளே சான்று.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோரம் வாழும் முதிய சாதுக்களின் நிலை இன்னும் கடினம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் கேட்கிறது. குடும்பத்தைத் துறந்தவர், அல்லது குடும்பத்தால் துறக்கப்பட்டவர், எந்த அட்டையைக் காட்டுவார்? முன்பு ஓய்வூதியம் மணியார்டராக வந்தது. தபால்காரர் மாதம் ஒருமுறை வாசலில் நின்று முகம் பார்த்தார். அதில் கையூட்டும் இருந்தது என்பர், இருக்கலாம். வங்கிக் கணக்குக்கு மாறியபின் அந்த முகம் பார்த்தலும் நின்றுபோயிற்று.

வழியையும் மருத்துவத்தின் பகுதியாகக் கொண்டோர் உண்டு. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம முகாம்களுக்கு வருவோரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் முறையை வளர்த்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சென்றது. பாராட்டத்தக்கதே. ஆனால் இடுப்பெலும்பு முறிவுக்கான மருத்துவம் பைக்குள் அடங்காது.

1839இல் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் ழான் ஜுகான் பார்வையற்ற மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்குத் தூக்கிச் சென்று, தம் கட்டிலையே கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. இல்லமும் சபை விதிகளும் பின்னர் வந்தவை. முதலில் நிகழ்ந்தது தூக்கிச் சென்றதே.

நம் பங்குகளில் முதல் வெள்ளிதோறும் நடக்க இயலாதோர்க்கு நற்கருணை எடுத்துச் செல்லப்படுகிறது. யார் எந்த வீட்டில், எந்தக் கட்டிலில் கிடக்கிறார் என்பது பங்குத்தந்தைக்கும் அன்பியப் பொறுப்பாளருக்கும் தெரியும். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் அதே வாசல்களை அறிவர். அந்தப் பட்டியலில் கடைசியாக மருத்துவரைக் கண்ட நாள் என்று ஒரு கட்டத்தைச் சேர்க்கச் செலவேதுமில்லை. கிறித்தவர் அல்லாத அண்டை வீட்டாரையும் அதில் எழுதலாம். பெத்சதாவில் யாரும் எந்த மறையினர் என்று கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

முதியவர் ஒருவரை அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது, "கூட இருக்க யார் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது வழக்கம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இக்கேள்வியை நாமே முன்கூட்டி எழுப்பலாம். செபமாலை முடிந்து தேநீர் வருமுன், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என இரு பெயர்களேனும் எழுதப்பட்டாக வேண்டும்.