மூக்கணாங்கயிறும் சிறுவர் உண்டியலும்



பெங்களூருக்குத் தெற்கே பன்னேர்கட்டாவில், காட்டை ஒட்டினாற்போல், மீட்கப்பட்ட கரடிகளுக்கான காப்பகம் ஒன்று உளது. தெருத்தெருவாக ஆட்டுவிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப் பெற்ற தேன்கரடிகள் அங்கே வாழ்கின்றன. சென்ற ஆண்டு, நம் ஞாயிறு வகுப்பிற்கு வரும் தொடக்கப்பள்ளிச் சிறார் இருபது பேர், ஒரு மண் உண்டியலில் காசு சேர்த்து அக்கரடிகளின் கஞ்சிக்கென்று கொடுக்க முன்வந்தனர். அதனைக் குறித்துச் சங்கத்தில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

முன்னாளில் நம்முடன் ஒரே ஆலையில் தறி ஓட்டிய மூத்த அன்பர் ஒருவர் எழுந்தார். “ஐயா, நம் தெருவில் காலையில் ஒரு வாய்க் கஞ்சி இன்றிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கின்றன. அப்பிள்ளைகளின் கையாலேயே கரடிக்குக் கஞ்சி வார்க்கச் சொல்கிறீரே, இது என்ன நியாயம்? பசுவுக்குப் பழம் ஊட்டிவிட்டு, நம்மைக் கண்டால் ஒதுங்கி நின்றவர்களின் ஜீவகாருண்யத்தை நாம் பார்க்காததா?” என்று கேட்டார்.

நாம் வாயடைத்து நின்றோம். அவர் கேட்டது வெறும் வாதம் அன்று, பட்டவர் சொல். பஞ்சசீலத்தின் முதற்சீலத்தை எடுத்து ஓதி அவரை அடக்கிவிடலாம் என்றால், அது உபதேசம் ஆகுமேயன்றி விடை ஆகாது.

விடையைத் தேடியபொழுது நம் இளமைக்கால நினைவு ஒன்று குறுக்கே வந்து நின்றது. ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் நமக்கு ஏழெட்டு வயது இருக்கும். உடுக்கை ஒலி கேட்டதும் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவோம். கயிற்றை அவன் சுண்டுவான். கரடி பின்னங்காலில் எழுந்து நின்று ஆடும். நாம் கைகொட்டி ஆர்ப்பரிப்போம். நம் அன்னையார் பத்துக் காசு கொடுத்துக் கரடிமுடி வாங்கித் தாயத்தில் அடைத்து, இரவில் நாம் பயந்து அலறாதிருக்க நம் அரையில் கட்டினார்.

அக்கரடி ஏன் ஆடிற்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். தாய்க்கரடியைக் கொன்று குட்டியைக் காட்டினின்று கவர்வர். அது சில மாதக் குட்டியாக இருக்கும்பொழுதே பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஊசியால் அதன் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பர். பற்களைத் தட்டி உடைப்பர். புண்ணின்மேல் கயிறு இழுபடும் வலி தாங்காமல் எழுந்து குதிப்பதையே உலகம் ஆட்டம் என்றது. கயிற்றை இழுத்தவன் ஒருவன்; ஆயினும் அதை இழுக்கச் செய்தது நம் கைதட்டலும் நம் வீட்டுக் காசும் அல்லவா? குழந்தைகள் சிரிக்கவேண்டும் என்பதற்காகவே அந்த மூக்கு துளைக்கப்பட்டது. ஆகவே, இன்று குழந்தைகள் உண்டியலில் இடும் காசைத் தானம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நம் தலைமுறை வைத்துவிட்டுப் போன கடனை அவர்கள் அடைக்கிறார்கள்.

கடன் என்றால் யாருக்குப் பட்ட கடன்? கரடிக்கு மட்டுமா? மூத்த அன்பரின் வினா இவ்விடத்தேதான் பயன் தந்தது.

கரடியாட்டிகளில் பெரும்பாலோர் கலந்தர் என்னும் நாடோடிச் சமூகத்தார். தலைமுறை தலைமுறையாக நிலமின்றி, கல்வியின்றி, ஊர் ஓரத்தில் தங்கி, அக்கரடி ஈட்டிய காசில் குழந்தைகளுக்கு உணவளித்தவர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. கரடியை வைத்து வித்தை காட்டலாகாது என்னும் அரசாணை 1998இல் வந்தது. உச்சநீதிமன்றம் 2001இல் அத்தகைய தடை செல்லும் என்றது. ஆயினும் சட்டம் மட்டும் கயிற்றை அறுக்கவில்லை. கரடியை ஒப்படைத்தவனுக்கு ரிக்‌ஷாவோ சிறு கடையோ வைத்துப் பிழைக்க வழி செய்து, அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப உதவிய பின்னரே கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் நிறுவனம் இவ்வழியிலே உழைத்து 600க்கு மேற்பட்ட கரடிகளை மீட்டது. கடைசி ஆட்டக் கரடி 2009 டிசம்பரில் இதே பன்னேர்கட்டாவிற்கு வந்து சேர்ந்தது.

கலந்தரைப் பாவி என்று ஏசியவர்கள் எத்தனை கரடிகளை விடுவித்தார்கள்? மனிதன் பசித்திருக்கும்வரை கரடியும் கட்டுண்டே கிடந்தது. சக்கரவர்த்தி அசோகர் இதனை அறிந்திருந்தார் போலும். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்ததை ஒருசேரக் கூறுகிறது. வழியோரங்களில் கிணறு வெட்டியதும் மரம் நட்டதும் இருசாராருக்குமே. சோழ பாண்டிய நாடுகளின் பெயரும் அக்கல்வெட்டில் வருகின்றது. மனிதனா விலங்கா என்று துலாக்கோல் பிடிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

சிறார்களை ஒரு நாள் அங்கே அழைத்துச் சென்றோம். கரடியைத் தொடலாம், கையால் ஊட்டலாம் என்று ஆசையோடு வந்தவர்கள், தொலைவில் நின்றே பார்க்கவேண்டும் என்றதும் முகம் சுண்டினார்கள். “நாங்கள்தானே காசு கொடுத்தோம், அது எங்கள் கரடி” என்றான் ஒரு சிறுவன். காசு கொடுத்ததும் “என்னுடையது” என்று நினைப்பது பெரியவர்களிடமும் உள்ள நோய்தான். கோயில் விளக்கில் தன் பெயர் வெட்டுபவனை நாம் அறிவோம். அன்னத்தின் கதையை அங்கேயே நிழலில் அமர்த்திச் சொன்னோம். தேவதத்தன் அம்பெய்த அன்னம் காத்தவனான சித்தார்த்தனுக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. இளவரசனோ, புண் ஆறியதும் அதனைப் பறக்கவிட்டான். கதையின் இந்தப் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் விரைந்து சொல்லி முடித்துவிடுகிறோம்.

அப்பொழுது ஒரு முதிய கரடி, வேலிக்கு அப்பால், நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் அசைக்கத் தொடங்கிற்று. சிறுமி ஒருத்தி, “ஐ! ஆடுகிறது!” என்று கைகொட்டினாள். நம் உள்ளம் திடுக்கிட்டது; ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாம் கொட்டிய அதே கைத்தட்டல். காப்பாளர் அவளருகே குந்தி, “அது ஆட்டம் இல்லை அம்மா. பல வருஷம் கட்டிப் போட்டிருந்ததால் வந்த பழக்கம். கயிறு போய்விட்டது, பழக்கம் போகவில்லை” என்றார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒருவரும் தொடவேண்டும் என்று கேட்கவில்லை.

பல் இழந்த அக்கரடியை அன்னத்தைப்போல் பறக்கவிட இயலாது. காட்டில் இரை தேடவும் தற்காக்கவும் அது கற்கவே இல்லை. சாகும்வரை ஒவ்வொரு நாளும் அதற்குக் கஞ்சியும் பழமும் வேண்டும். காப்பகத்தில் ஒரு தேன்கரடி முப்பது ஆண்டும் வாழக்கூடும். சிறார்களின் உற்சாகமோ மூன்று மாதம்கூட வாழவில்லை. மாம்பழக் காலம் வந்ததும் உண்டியல் ஓசையடங்கிப் போயிற்று. நாம் கடிந்துகொள்ளவில்லை, ஞாயிறுதோறும் அவர்கள் காணும் இடத்தில் அதனை எடுத்துத் துடைத்து வைத்தோம். மெல்ல மீண்டும் காசு விழலாயிற்று.

இப்பொழுது வகுப்பின் மூலையில் உண்டியல்கள் இரண்டு. மற்றது நம் தெருப் பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்கானது. அதைச் சுமந்து வந்து வைத்தவர் அந்த மூத்த அன்பரே. சென்ற ஞாயிறு இரண்டையும் தூக்கிப் பார்த்தோம். கரடியின் உண்டியல்தான் கனமாக இருந்தது. அவரும் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு பிள்ளைகளிடமும், அவர்களைப் பெற்றவர்களிடமும் இதைப்பற்றி நாம் பேசவேண்டும்.