ஆயிரமாவது முறை

நெடுநாள் பழகிய ஒரு காரியத்தையே மறுபடியும் மறுபடியும் செய்ய விதிக்கப்பட்ட மனிதன், அது தன் கையிலே செத்துப் போகாமல் எவ்வாறு காப்பாற்றிக்கொள்வான் என்னும் கேள்வி, அடுப்படியில் நிற்பவருக்கும், சந்நிதியில் அர்ச்சனை செய்பவருக்கும், கரும்பலகைக்கு முன் நின்று தொண்டை வறளப் பேசும் என்னைப் போன்ற ஆசிரியருக்கும் பொதுவானது. பலனைக் கருதாமல் செய் என்று பெரியோர் உபதேசித்திருக்கிறார்கள். அது மகத்தான உபதேசமே ஆயினும், பலனைக் கருதாதவனுக்கும் அலுப்பு வரத்தான் செய்கிறது. இந்த அலுப்புக்கு மருந்து எங்கே கிடைக்கும் என்று தர்ம நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில், நான் சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து, அதாவது நீண்ட தலைமயிரும் காதைப் பிளக்கும் ஓசையுமாகத் திரிந்த ஓர் ஆங்கில ராக் குழுவிடமிருந்து, எனக்கு ஒரு விடை கிடைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் என்பது இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று, 1963-இல் எழுந்த ஷண்முகாநந்த சபா மண்டபம். ஏறக்குறைய மூவாயிரம் பேர் அமரக்கூடிய அந்தப் பெரிய மண்டபத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி விழித்தும் பாதி உறங்கியும் நான் கேட்ட கச்சேரிகள் பல. மற்றொன்று, கலாகோடாவிலிருந்த ரிதம் ஹவுஸ். காசு கொடுத்து வாங்குவதற்கு முன்பே சிற்றறை ஒன்றில் நின்று இசைத்தட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்னும் சலுகை அங்கே இருந்தபடியால், வாங்கும் வசதியில்லாத கல்லூரிப் பிள்ளைகளும் அங்கே ரசிகர்களாக உருவானார்கள். என் பெரியப்பாவின் மகனான அண்ணா அப்படி உருவானவன். டீப் பர்ப்பிள் என்னும் குழுவின் ‘மெஷின் ஹெட்’ இசைத்தட்டை அவன் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து சுழலவிட்டான். கூடத்தில் திரி திரித்துக்கொண்டிருந்த பாட்டி, ஆர்கனின் ஒலியை ஹார்மோனியம் என்று எண்ணி முதலில் தலையசைத்தாள், பாடகர் உச்ச ஸ்தாயியில் அலறத் தொடங்கியதும் திரியைக் கீழே வைத்துவிட்டு, “பாவம், அந்தப் பிள்ளைக்கு எங்கேடா வலிக்கிறது?” என்று கேட்டாள். அண்ணாவிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கோ அந்த வலி உடனே பிடித்துப் போயிற்று.

அந்தத் தட்டிலுள்ள பாடல்களுள் உலகம் முழுவதும் அறிந்தது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. அதன் பிறப்பு ஒரு விபத்தின் கதை. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மாண்ட்ரூ என்னும் ஊருக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, அவ்வூர்க் கேளிக்கை மண்டபத்தில் புதிய இசைத்தட்டைப் பதிவுசெய்வதற்காக டீப் பர்ப்பிள் குழுவினர் போயிருந்தார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அம்மண்டபத்தில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருக்கையில், கூட்டத்தில் எவனோ ஒருவன் சமிக்ஞைத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, மண்டபம் முழுவதும் எரிந்து போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். ஏரியின் மேல் படர்ந்த புகையைக் கண்ட மனம் சும்மா இருக்குமா? சில நாட்களுக்குப் பின் பேஸ் கிடார் வாசிப்பவரான ரோஜர் குளோவர் உறக்கத்திலிருந்து விழிக்கும்போதே அந்தத் தலைப்பு அவர் வாயில் இருந்ததாம்.

இடமிழந்த குழுவினர் வேறொரு அரங்கில் இரவு நேரத்தில் ஒரு மெட்டைப் பதிவுசெய்யத் தொடங்க, அக்கம்பக்கத்தார் முறையிட்டதனால் போலீஸார் வந்து நிறுத்தினார்கள். பின்னர், குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரங்களில் மெத்தைகளைச் சுவரோரம் சாத்தி ஒலியை அடக்கிக்கொண்டு மற்றப் பாடல்களை முடித்தார்கள். பதிவானதைக் கேட்டுப் பார்ப்பதற்கு வெளியே நின்ற வண்டி வரையில் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து போகவேண்டியிருந்தபடியால், அந்தச் சிரமத்துக்கு அஞ்சி, தங்களுக்கு நிறைவு தோன்றும் வரையில் வாசித்துவிட்டு மேலே நடந்தார்கள். இசைத்தட்டில் சில நிமிஷங்கள் குறைவதைக் கண்டபோதுதான் போலீஸாரால் நின்றுபோன அந்த மெட்டை எடுத்து, எரிந்த மண்டபத்தின் கதையை அதன்மேல் ஏற்றினார்கள். வேறொரு பாடலே பேர் வாங்கித்தரும் என்று அவர்கள் நம்பியிருக்க, இடத்தை நிரப்ப வந்த இந்தப் பாடல் 1973-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காவது இடத்தைப் பிடித்தது. எது நிலைக்கப் போகிறது என்பது சிருஷ்டிப்பவனுக்குக்கூடத் தெரிவதில்லை. அன்றியும், எதை ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வரும் என்பதும் அவனுக்கு அப்போது தெரிவதில்லை.

அக்குழுவினர் 1995 ஏப்ரலில் பம்பாய்க்கு வருகிறார்கள் என்ற செய்தி கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தில் பாதியளவு சஞ்சலமும் கலந்திருந்தது. ஏனெனில், அந்த நாலு ஸ்வர மெட்டைக் கிடாரில் பிறப்பித்த ரிச்சி பிளாக்மோர் 1993 நவம்பரிலேயே குழுவை விட்டு விலகியிருந்தார். அவருடைய ஸ்தானத்தில் ஸ்டீவ் மோர்ஸ் என்னும் அமெரிக்கர் வந்து சேர்ந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. பாடகர் இயன் கில்லனோ இரண்டு தடவை பிரிந்து இரண்டு தடவை திரும்பியவர். 1968-இல் தொடங்கி, 1976-இல் கலைந்து, 1984-இல் மீண்டும் கூடிய அக்குழுவின் எல்லா அவதாரங்களிலும் இருந்தவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பேஸ் ஒருவரே. இப்படி ஆட்கள் மாறிமாறி வந்த பிறகு, பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் பிள்ளைப் பிராயத்தில் கேட்ட குழு இதுதான் என்று எப்படிச் சொல்வது? பழைய அபிமானத்தைப் பரீட்சைக்கு உட்படுத்தாமல், இசைத்தட்டோடு நிறுத்திக்கொள்வதே விவேகம் என்றுகூடத் தோன்றியது. ஆயினும், கடல்காற்றும் தணிக்காத அந்த ஏப்ரல் புழுக்கத்தில், அண்ணாவோடு புறப்பட்டுத்தான் போனேன்.

விளக்குகள் எரிந்து ஓசை எழுந்தபோது கூட்டம் முழுவதும் தன் பழைய நாட்களை நோக்கிப் பாய்ந்ததை நான் உணர்ந்தேன். நரை கண்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து குதித்தார்கள். ஆனால் என் கண் மேடையின் ஒரு பக்கத்தில் ஆர்கனுக்குப் பின் நின்ற ஜான் லார்டின்மேல் பதிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதான அவர், தேவாலயங்களில் ஒலிக்கும் ஹாமண்ட் ஆர்கனைக் கிடாருக்கு உரிய ஒலிபெருக்கியில் இணைத்து, அதன் சாந்தத்தையே உறுமலாக மாற்றிய மனிதர். ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தில் பயின்று, ராக் குழுவும் வாத்தியக் கோஷ்டியும் சேர்ந்து வாசிப்பதற்கென்று ஒரு பெரிய படைப்பை எழுதி, 1969-இலேயே லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேற்றியவர். அவர் தோள்களை முன்னே வளைத்து, வலது கையால் ஒரு சஞ்சாரத்தைத் தொடங்கி, அது எங்கே போகிறதென்று தாமே கவனிப்பவரைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் நினைவுகூர்ந்து கொண்டிருந்தோம். அந்த மைதானத்தில் நினைவுகூராதவர்கள் மேடைமேல் நின்ற ஐந்து பேர் மட்டுமே. அவர்களுக்கு அது கடந்த காலமன்று, அன்றைய மாலையின் வேலை.

இறுதிப் பகுதியில் அந்த மெட்டு வந்தது. ஸட்ஜமத்துக்கும் மத்யமத்துக்கும் உள்ள இடைவெளியில் இரண்டிரண்டு ஸ்வரங்கள் இணைந்து நடக்கும் எளிய மெட்டு அது. கிடாரைக் கையில் எடுத்த எந்தப் பையனும் முதல் வாரத்தில் வாசித்துப் பார்ப்பது. மோர்ஸ் அதைத் துளியும் மாற்றாமல், அதற்குரிய மரியாதையோடு வாசித்தார். பிறகு தனி வாசிப்புக்கு இடம் வந்ததும், பிளாக்மோரின் நிழலில் ஒதுங்காமல் தம் வழியே போனார். இடக்கையரான பேஸ், வழக்கத்துக்கு நேர்மாறாக அமைத்த தம் டிரம்ஸுக்குப் பின்னிருந்து, புதியவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் தாளத்தைச் சாய்த்து அவருக்கு இடம் கொடுத்தார். எத்தனையோ தேசங்களில் எத்தனையோ இரவுகளில் அதே பாடலுக்கு அடித்த அந்தக் கைகளில் அலுப்பின் சாயல் சிறிதும் தென்படாததன் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கலாயிற்று.

அது நம் சபைகளில் நாம் நித்தியமும் காண்பதுதான். கீர்த்தனையின் உருவத்தை வித்துவான் குருமுகமாகப் பெற்றபடியே வைத்துக்கொள்கிறார். நிரவலிலும் கல்பனா ஸ்வரத்திலும் அன்றன்று தோன்றுவதைப் பாடுகிறார். மாற்றக்கூடாதது ஒன்றும், மாற்றியே தீரவேண்டியது ஒன்றுமாக இரண்டு பகுதிகள் சேர்ந்திருப்பதால்தான் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட கீர்த்தனை நேற்றுப் பிறந்ததுபோல் இருக்கிறது. டீப் பர்ப்பிள் குழுவினரும் தொடக்கத்திலிருந்தே இந்த வழியில் நடந்தவர்கள். 1972-இல் ஜப்பானில் அவர்கள் நடத்திய கச்சேரிகளின் பதிவைக் கேட்டால், இசைத்தட்டில் ஐந்து நிமிஷத்துக்குள் முடியும் பாடல் மேடையில் இருபது நிமிஷத்தை எட்டுவதைக் காணலாம். திரும்பச் செய்வது என்பதும் புதிதாகச் செய்வது என்பதும் விரோதிகள் என்று நாம் கருதுகிறோமே, அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதற்கு இதைக்காட்டிலும் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமோ?

மூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்டு கிழவராகி, சாரீரம் கரகரத்த பின்னும் மேடையேறியபோது, அவருடைய இளமைக் குரலைத் திருப்பித் தரும்படி நம் ரசிகர்கள் கேட்கவில்லை. ஞானத்தை அநுபவித்து எழுந்து போனார்கள். இளைஞர்களால் இளைஞர்களுக்கென்று பிறந்த ராக் சங்கீதத்துக்கோ அத்தகைய சம்பிரதாயம் கிடையாது. எப்படி முதுமை அடைவது என்பதை இந்தத் தலைமுறைதான் முதன்முதலாகக் கற்றுக்கொண்டது. கில்லன் அதைக் கௌரவமாகக் கற்றவர்களுள் ஒருவர். எங்கள் பாட்டியைத் திடுக்கிடச் செய்த வகை அலறல்களின் சிகரம் ‘சைல்ட் இன் டைம்’ என்னும் பாடல். பிராயம் ஏற ஏற அதைப் பாடுவதைக் குறைத்து, 2002-க்குப் பின் மேடையில் அதை அறவே விட்டுவிட்டார். இயலாததைப் பாசாங்கு செய்யாமல் இறக்கி வைத்துவிட்டு, இயன்றதை முழு மனதோடு செய்வதும் சாதகத்தின் ஒரு பகுதியே.

கச்சேரி நடந்த அந்த ஆண்டு ஜூனில் பள்ளி திறந்தபோது, வழக்கம்போலப் பிதாகரஸ் தேற்றம் எனக்காகக் காத்திருந்தது. செங்கோண முக்கோணத்தைப் பற்றிய அந்த உண்மையில் ஒரு மாத்திரையையும் என்னால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் அதை அடையும் வழிகள் பல. பாடப்புத்தகத்தின் நிரூபணத்தை ஒதுக்கிவைத்து, பாஸ்கராசாரியர் காட்டியபடி, சதுரக் காகிதம் ஒன்றை நான்கு முக்கோணங்களும் நடுவில் ஒரு சிறு சதுரமுமாக வெட்டி, வேறு விதமாக அடுக்கிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு பெண் துண்டுகளை நான் எண்ணியிராத ஒரு வரிசையில் அடுக்கி, “ஸார், இப்படியும் வருது” என்றாள். எனக்குப் பழகிப் புளித்துப்போன தேற்றம் அன்று அவளுடைய மேஜைமேல் புதிதாக நின்றது. மறு வருஷம் வேறொரு நிரூபணம். அதற்கு மறு வருஷம் இன்னொன்று.

இவ்வளவு சொன்ன பின், பிளாக்மோருக்கு நியாயம் செய்யாமல் விட்டால் பாவம் சேரும். அவர் விலகியதற்கு அவருடைய காரணங்கள் அவருக்கு இருந்தன. 1997 முதல் பழங்கால ஐரோப்பிய இசையைத் தழுவிய வேறொரு குழுவை நடத்தி, முற்றிலும் வேறான ஒரு பாதையில் நிறைவு கண்டார். பிளாக்மோர் இல்லாத குழுவில் மோர்ஸ் இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தார். 2012-இல் ஜான் லார்ட் மறைந்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தம் ஆசனத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நின்றவரும் சரி, சென்றவரும் சரி, தாங்கள் செய்யும் காரியத்தை உயிருள்ளதாகவே வைத்துக்கொண்டார்கள். ஆகவே, ஒரே வேலையைப் பல்லாண்டு செய்யும் மனிதனுக்குக் கண்ணியமான மார்க்கங்கள் இரண்டு உண்டு: அதில் நின்று அதைத் தினமும் புதுப்பிப்பது ஒன்று, புதுப்பிக்க மனம் ஒப்பாதபோது வணங்கி விடைபெறுவது மற்றொன்று. மூன்றாவதாக, நின்றுகொண்டே முணுமுணுப்பது என்று ஒரு வழி இருக்கிறது; நம்மில் பெரும்பாலோர் சம்பளத்தையும் சௌகரியத்தையும் முன்னிட்டு அதையே தேர்ந்தெடுக்கிறோம், அதன் விலையை நம் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் செலுத்துகிறார்கள்.